பார்லர் அக்கா செய்த ஊழியம்

கடல் தாண்டியிருந்த அந்தக் குழந்தைகள் இல்லத்தில், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் தலைமுடி ஒரே பகலில் பதினோரு முறை வெட்டப்பட்டு, பதினோரு முறையும் இடுப்புவரை திரும்ப வளர்ந்தது. ஒவ்வொரு முறை வளர்வதற்கும் சுமார் பத்து நிமிடம் ஆனது. வெட்டிய முடியைப் பெருக்கி அள்ளியதில் ஐந்து சாக்குகள் நிறைந்தன. மதியம் லேசாகத் தூறியது. மற்றபடி அன்றைக்குக் குறிப்பிடும்படி வானிலையில் எதுவும் இல்லை.

வெட்டியவர் நம் சபையின் பார்லர் அக்கா. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்ட அழகு நிலையம் அவருடையது. சபைப் பெண்களில் பாதிப் பேரின் புருவம் அவர் கைபட்டது. பத்து நாள் வெளிநாட்டு ஊழியத்துக்குப் பன்னிரண்டு பேர் கிளம்பியபோது, அதில் நர்ஸ் இருந்தார், கிதார் வாசிப்பவர் இருந்தார், பொம்மை காட்டிக் கதை சொல்லும் டீச்சர் இருந்தார். பார்லர் அக்காவுக்குப் பாட வராது. ஜெபிக்கச் சொன்னால் மூன்றாவது வரியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "பிள்ளைங்களுக்கு முடி வெட்டிவிடறேன் பாஸ்டர்" என்று பேர் கொடுத்துவிட்டார். அன்றைக்கே அவருடைய நாத்தனார் சபை வாசலில் நாலு பேர் காதுபட, "கத்தரிக்கோலத் தூக்கிட்டு விமானம் ஏறுறதெல்லாம் ஊழியமா அண்ணி?" என்று கேட்டார். திரும்பி வந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை போனவர்கள் ஒவ்வொருவரும் மேடையேறி, தாங்கள் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. நாத்தனார் எப்போதும் இரண்டாவது வரிசை. அந்த இரண்டாவது வரிசையை நினைத்துக்கொண்டுதான் பார்லர் அக்கா இரண்டு புதுக் கத்தரியையும் ஆறு சீப்பையும் பெட்டியில் வைத்தார்.

இல்லத்துக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்கியிருந்தார்கள். காலை எட்டரைக்கு வேன் உள்ளே நுழைந்ததும் நாற்பத்திரண்டு பிள்ளைகள் வரிசையாக நின்று பாடி வரவேற்றார்கள். எல்லோரும் கைதட்ட, பார்லர் அக்காவுக்கு மட்டும் பகீரென்றது. நாற்பத்திரண்டு தலையிலும் பிடிக்க முடி இல்லை. போன வாரம் வந்த குழுவிலும் முடி வெட்டுகிறவர் இருந்தாராம், அதற்கு முந்தின வாரக் குழுவில் இரண்டு பேராம். விருந்தாளிகளுக்கு வேலை தேடிக் கொடுத்தே இல்லத்து வார்டன் அம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது. பெயின்ட் அடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கென்றே சாப்பாட்டு அறையில் ஒரு சுவர் உண்டு. இருபது வருடமாக வந்தவர்கள் எல்லாம் அடித்து அடித்து அது ஒரு முழம் தடித்துவிட்டதால், பக்கத்துக் கதவு பாதிதான் திறக்கும். பிள்ளைகள் ஒருக்களித்து நுழையப் பழகியிருந்தார்கள். நம் ஆட்கள் மூன்று பேர் போய் அதை மஞ்சளாக்கினார்கள்.

பார்லர் அக்கா மரத்தடியில் நாற்காலி போட்டு, துணியை உதறி, நின்றார். நர்ஸ் முன்னால் கூட்டம், கிதாருக்குக் கூட்டம், பொம்மைக்கு இடம் பிடிக்கச் சண்டை. பத்தரை மணிக்குள் அவர் கத்தரியை நாலு முறை துடைத்துவிட்டார். கண்ணைத் துடைத்தது தனிக் கணக்கு. அப்போதுதான் அந்தச் சிறுமி வந்தாள். அவள் பெயர் நம்மவர்கள் வாயில் நுழையாததால் காலையிலேயே சுண்டைக்காய் என்று வைத்திருந்தார்கள். அவள் அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியில் ஏறி, இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடி, மூச்சை அடக்கினாள். முடி வந்தது. கழுத்தைத் தாண்டி, முதுகைத் தாண்டி, இடுப்பில் வந்து நின்றது. அக்கா பயப்படவில்லை; தொழில்காரர்களுக்கு முடியைக் கண்டால் வெட்டத்தான் தோன்றும்.

முதலில் தோள் அளவுக்கு வெட்டினார். பிறகு காதோடு. பிறகு நெற்றியில் விழும்படி, பிறகு படிப்படியாக, பிறகு பத்திரிகைப் படத்தில் பார்த்து வெகுநாளாக ஆசைப்பட்டும் எந்த வாடிக்கையாளரும் சம்மதிக்காத ஒரு வெட்டு. கிதார்காரர் படம் எடுத்தார். பாஸ்டர் எட்டிப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு ஜூஸ் பாக்கெட் எண்ணப் போனார். மதியச் சாப்பாட்டுக்குள் அக்காவின் மனதில் சாட்சி முழுவதும் தயாராகிவிட்டது, அதைக் கேட்கும்போது நாத்தனார் முகம் போகும் போக்கு உட்பட.

பதினோராவது வெட்டு முடிந்தபோது மணி மூன்றரை. ஐந்துக்கு வேன். மொழிபெயர்க்க வந்தவர் தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"இவ இப்படித்தாங்க. போன மாசம் பல் டாக்டருங்க வந்தாங்க, இங்க யாருக்கும் சொத்தைப் பல் இல்ல. பாவம், மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டாங்க. இவ நாலு சொத்தைப் பல்லு முளைக்க வெச்சுப் புடுங்கக் குடுத்தா. கண்ணாடி குடுக்கறவங்க வந்தப்ப ரெண்டு நாள் கண்ணு மங்கலாப் போச்சு. தேடி வந்தவங்க மனசு விட்டுப் போகக் கூடாதாம்."

பார்லர் அக்கா அப்போதுதான் பிள்ளையைப் பார்த்தார். அதுவரை முடியைத்தான் பார்த்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. தொங்கிய கால்கள் மரத்திருந்தன. மைதானத்தில் மற்ற பிள்ளைகள் பலூன் துரத்திக்கொண்டிருக்க, ஐந்து மணி நேரமாக இவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அக்காவுக்கு ஊழியம் செய்திருக்கிறாள். அக்காவை வெட்கம் பிடுங்கித் தின்றது. சிறுமி பன்னிரண்டாவது முறையாக மூச்சை அடக்கத் தொடங்க, முடி தோளுக்கு வந்துவிட்டது.

"போதும்டா கண்ணு, இறங்கு."

இறக்கிவிட்டார். அவள் கழுத்துத் துணியை அவிழ்த்துத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து கொண்டையை உதறினார். அழகு நிலையத்துக்குப் பெயர்ப்பலகையைவிட நல்ல விளம்பரம் அந்த முடிதான். கத்தரியைச் சிறுமியின் கையில் கொடுத்தார். "நீ வெட்டு" என்றார். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. சுண்டைக்காய் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள்.

அரைமணி நேரம் வெட்டினாள். வலது காது முழுக்கத் தெரிந்தது, இடது பக்கம் தோளைத் தொட்டது, முன்னால் படிக்கட்டு. பதினாறு வருடமாக ஊரார் தலையைப் பார்க்கும் அக்காவின் தலையில் வேறு யாரும் கை வைத்ததில்லை. அந்தச் சின்ன விரல்கள் பட்டதில் அவர் நன்றாகத் தூங்கிப் போனார். விழித்தபோது சிறுமியின் முடி தோளோடு நின்றிருந்தது, அதற்கு மேல் வளரவில்லை. இரண்டு பின்னல் போட்டுவிட்டார். அவள் பலூனைத் துரத்த ஓடினாள். கத்தரி அவள் கையோடு போகாமல் வார்டன் அம்மாதான் வாங்கி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் பார்லர் அக்கா அந்தத் தலையோடு மேடையேறினார். "நான் அங்க ஒண்ணும் செய்யல. எனக்குத்தான் முடி வெட்டிவிட்டாங்க" என்று சொல்லி இறங்கிவிட்டார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு அக்காவின் முடி ஒரு நூல் அளவுகூட வளரவில்லை. ஒன்பது வருடமாகிறது. முதல் வருடம் வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். இரண்டாம் வருடம் பழகிக்கொண்டார்கள். மூன்றாம் வருடம் அதே மாதிரி வெட்டச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். அவருக்கு அது வரவில்லை. அந்த இல்லத்து மரத்தடியில் நாற்காலி இன்னும் இருக்கிறதாம், வருகிற குழுவில் யாருக்கு முகம் வாடினாலும் சுண்டைக்காய் அதில் உட்கார வைத்துக் கத்தரியை எடுத்துவிடுகிறாளாம். அந்த நாட்டு விமான நிலையத்தில் அப்படி ஒரு தலையைக் கண்டால் அதிகாரிகள் ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்திவிடுகிறார்கள். போன மாதம் அடுத்த ஊழியத்துக்குப் பேர் எடுத்தபோது நாத்தனார் எழுந்து நின்றார். அங்கே என்ன செய்வீர்கள் என்று பாஸ்டர் கேட்டார்.

"உக்காந்துக்கறேன் பாஸ்டர்" என்றார் நாத்தனார்.

பாஸ்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.