ஆயிரத்து அறுநூற்று இருபது சுற்று

1

இந்தக் கதை என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் கதையின் நாயகி, அதாவது என் அண்ணி, கைப்பிரதியின் ஓரத்தில் எழுதிவைத்துவிடுவார். ஏற்கெனவே நிறைய எழுதிவைத்திருக்கிறார்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "இறந்துபோன தந்தையின் குரல் அந்தப் பழைய வானொலிக்குள் எங்கோ ஒளிந்திருப்பதாக அவள்..."

(அண்ணி: எங்கப்பா நல்லா இருக்காரு. ரேடியோன்னாலே அவருக்குத் தலைவலி. அடிச்சிருங்க.)

அடித்துவிட்டேன்.

2

அண்ணி மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுற்று, கட்டுகிறவர். பதினெட்டு வருஷ வேலை. ஊரில் எந்தத் தண்ணீர் மோட்டார் புகைந்தாலும் மறுநாள் காலை அது அவர் மேஜைக்கு வந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டிலிருந்தே காற்றலையில் மற்றவர்களோடு பேசுகிற அமெச்சூர் ரேடியோ ஆசை அவருக்குப் பிடித்தது. தேர்வு எழுதி உரிமம் வாங்கினார், காற்றலையில் பெயருக்குப் பதில் சொல்ல வேண்டிய அழைப்புக் குறியும் கிடைத்தது. பேசுவதற்குத்தான் செட்டு இல்லை. ரேடியோ கிளப்பில் அவருக்குக் கொடுக்கப்பட்ட ஒரே பொறுப்பு, கூட்டத்துக்கு வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்குவது.

ஒருநாள் கிளப் கூடத்தில் பழைய கருவிகளை விற்பனைக்கு வைத்தார்கள். மூலையில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. டிரான்சிஸ்டருக்கு முந்தைய வால்வு காலத்து செட்டு, பேசவும் கேட்கவும் ஒரே பெட்டி. அண்ணி குனிந்து முகர்ந்து பார்த்தார். எரிந்த வார்னிஷ். மற்றவர்கள் முகம் சுளித்துவிட்டு நகர்ந்த வாசனை, அவருக்கோ தினமும் தன் கடையில் அடிக்கிற வாசனை.

கிளப் செயலாளரை எல்லாரும் டயல் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பக்கத்தில் வந்தார்.

"அதுல டிரான்ஸ்ஃபார்மர் போச்சும்மா. இந்த மாடலுக்கு இனிமே எங்கயும் கிடைக்காது. வாங்கினீங்கன்னா மேல பூந்தொட்டி வைக்கலாம்."

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை இதுல இருந்துதான் சார் பேசுவேன்," என்றார் அண்ணி.

ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு டயல் சார் காற்றலையில் உறுப்பினர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வாயை விட்ட பிறகுதான் அண்ணிக்கு அது உறைத்தது.

[இந்த இடத்தில் டயல் சாரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. அவர் சொன்னது உண்மைதான், அந்த டிரான்ஸ்ஃபார்மர் எங்கும் கிடைக்காது. கிடைக்காததைக் கட்டலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.]

3

பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அண்ணி முதலில் டிரான்ஸ்ஃபார்மரைத் தொடவில்லை. அதை எரித்தது யார் என்று தேடினார். பழைய கண்டென்சர் ஒன்று ஷார்ட் ஆகிக் கிடந்தது.

"இவனை உள்ளயே விட்டுட்டு அதைக் கட்டினா, அதையும் எரிச்சிருவான்," என்று வெட்டி எறிந்தார்.

பிறகுதான் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடுகளைப் பிரித்தார். மேலே இருந்த தடித்த கம்பிச் சுற்றைக் குலையாமல் கழற்றி ஜன்னலோரம் வைத்தார். அடியில் தலைமுடி போன்ற மெல்லிய கம்பி. எத்தனை சுற்று இருந்தது என்று தெரிந்தால்தான் புதிதாக அத்தனை சுற்ற முடியும். கருகிய கம்பி தொட்ட இடமெல்லாம் அறுந்தது. நூறு சுற்றுக்கு ஒரு கோடு என்று மேஜைமேல் சாக்பீஸால் போட்டுக்கொண்டே வந்தார். அப்படியே மூன்று நாள்.

மூன்றாம் நாள் மாலை ஒரு பூனை ஜன்னல் வழியாக...

(அண்ணி: நம்ம வீட்ல பூனை கிடையாது. நீங்கதான்.)

நான்தான். "அண்ணி, ஒரு கதைக்கு ஏதாவது விஷயம் கிடைக்குமா?" என்று கேட்டபடி மேஜையில் முழங்கையை ஊன்றினேன். கோடுகள் சட்டைக் கையோடு வந்துவிட்டன; அறுந்து குப்பையான கம்பியை மறுபடி எண்ணவும் முடியாது.

அண்ணி திட்டவில்லை. கம்பிக் குப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கிடைச்சிருச்சா தம்பி?" என்றார்.

4

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"விட்டுரேன், புதுசாவே ஒண்ணு வாங்கிக்கலாம்," என்றான் அண்ணன்.

"புதுசு வாங்கினா பேசலாம். ஆனா நான் வாக்குக் குடுத்தது இதுக்குங்க."

மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும்போது ஜன்னலோரத்துத் தடித்த சுற்று அவர் கண்ணில் பட்டது. கையில் எடுத்து எண்ணினார். பதினாலு. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தார்.

"இது வால்வைச் சூடாக்குற சுத்து. ஆறு புள்ளி மூணு வோல்ட்டுக்குப் பதினாலு. மெல்லிசுக் கம்பிக்கு எழுநூறு வோல்ட்டுன்னு பெட்டியிலயே போட்டிருக்கு. அப்ப அதுக்கு எத்தனை?"

அண்ணன் கைப்பேசியில் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் அண்ணி எழுதிவிட்டார். ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தாறு. சுமை ஏறும்போது வோல்ட் இறங்குமே என்று மேற்கொண்டு அறுபத்து நாலு. ஆக, ஆயிரத்து அறுநூற்று இருபது.

[இந்த வழி அவருக்குக் கனவில் தோன்றியதாக இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அண்ணி: வகுத்தல் கணக்குக்குக் கனவு எதுக்கு.]

5

சுற்றி முடிக்க எட்டு மாலைகள் ஆயின. அடுக்குக்கு அடுக்கு காகிதம் வைத்து, வார்னிஷில் முக்கி, காயவைத்து, தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகினார். கடைசி ஞாயிற்றுக்கு முந்தைய நாள் மதியம் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். நேராகக் கொடுக்கவில்லை, நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டியிருந்தார். பல்பு பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே ஏதோ தவறு. மங்கினால் செட்டு பிழைத்தது.

அண்ணன் மெயின் சுவிட்சில் கை வைத்தபடி நின்றான். எழுநூறு வோல்ட் என்று கேட்டதிலிருந்து அவனுக்கு அந்தப் பெட்டிமேல் நம்பிக்கை இல்லை.

அண்ணி சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"அணைச்சிரவா?"

"இருங்க."

"எரியுதுடி."

"இருங்கன்னேன்ல."

பல்பு மெதுவாகச் சிவந்தது. பிறகு மங்கியது. பெட்டிக்குள் வால்வுகள் ஒவ்வொன்றாக ஆரஞ்சு நிறத்தில் விழித்தன. ஒலிபெருக்கியில் மழைபோல ஒரு இரைச்சல் கிளம்பியது. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தார்.

6

முடிவுகள் என் கைவசம் இரண்டு இருந்தன. ஒன்று: டயல் சார் மன்னிப்புக் கேட்கிறார். (கேட்கவில்லை.) இரண்டு: கடல் தாண்டி யாரோ ஒரு முகம் தெரியாத... (அண்ணி: காலை எட்டு மணிக்கு அந்த அலைவரிசை அவ்வளவு தூரம் போகாது.)

நடந்தது இதுதான். டயல் சார் பட்டியலை முடித்துவிட்டு, "வேற யாராவது இருக்கீங்களா?" என்றார். அண்ணி மைக்கை அழுத்தி, இரண்டு வருஷமாகக் காகிதத்திலேயே கிடந்த அழைப்புக் குறியை எழுத்தெழுத்தாகச் சொன்னார். பதில் இல்லை. மறுபடி சொன்னார், இந்த முறை இன்னும் நிறுத்தி நிதானமாக.

"நல்லா வர்றீங்கம்மா. சுத்தமா இருக்கு. என்ன செட்டு?"

"போன மாசம் கிளப்ல வாங்கினது சார்."



"டிரான்ஸ்ஃபார்மர் எங்க கிடைச்சுது?"

"கிடைக்கல சார். கட்டினேன்."

நான் இங்கேதான் முற்றுப்புள்ளி வைப்பதாக இருந்தேன். டயல் சார் விடவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க. எப்படிக் கட்டினீங்கன்னு முதல்லருந்து சொல்லுங்கம்மா."

அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கண்டென்சரிலிருந்து ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் தன் வீட்டுப் பரணில் ஒரு செட்டு செத்துக் கிடக்கிறது என்றார். இன்னொருவர் தன்னிடம் இரண்டு என்றார். இப்போது மணி பத்தரை. நான் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், அண்ணன் சமைக்கிறான், அண்ணி உள்ளே பேசிக்கொண்டே இருக்கிறார். முடிவு வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள். காற்றலையில் அவரிடம் பேச வரிசையில் இன்னும் மூன்று பேர் நிற்கிறார்கள்.