அரைக்கிலோ டிரிக்கர்

கடலோர ரைபிள் கிளப்பின் லெட்டர்ஹெட்டில் தலைவர் பெயருக்குக் கீழே நான்கு வரிக்குப் பட்டங்கள் இருந்தன. கிளப்பில் ரைபிள்தான் இல்லை. தலைவர் கஸ்டம்ஸ் ஏலத்தில் எடுத்த ஜெர்மன் காற்றுப் பிஸ்டல் ஒன்று இருந்தது. 1978 குடியரசு தினத்தன்று தலைவர் வன்னியபெருமாள் அண்ணாச்சி அதைக்கொண்டு பலூனைக் குறிபார்த்து, ஒலிபெருக்கிக் குழாயைச் சுட்டார். அன்றே அதைக் கிளப்புக்கு நன்கொடையாக அறிவித்து, பெட்டியின்மேல் தன் பெயரைப் பெயின்டில் எழுதவைத்தார்.

பெட்டி ஜேசுபாதத்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கிளப்பில் சுடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அரசாங்க லாஞ்ச் படகுப் பட்டறையில் ஆறு வருடமாகத் தினக்கூலி ஃபிட்டர். பட்டறைக் கமிட்டியிலும் இருந்த அண்ணாச்சி கையெழுத்துப் போட்டால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூலிப் பட்டியலில் அவன் பெயர் ஏறும். சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டியில் முதல் எட்டுப் பேருக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை உண்டு. வயது வரம்பு முப்பது. போட்டி ஜூலையில், அவனுக்கு ஆகஸ்டில் முப்பது முடிகிறது.

பிஸ்டலை அடுக்களையில் வைத்துக்கொண்டான். கைப்பிடி யாரோ ஒரு ஜெர்மன்காரனின் பெரிய கைக்குச் செய்தது. பூவரசங்கட்டையில் புதிதாக ஒன்று செதுக்கினான். உள்ளங்கையில் விளக்குக் கரியைப் பூசி இறுக்கிப் பிடிப்பான். கட்டையில் கரி ஒட்டிய மேட்டை அரத்தால் ராவுவான். மூன்று வாரத்தில் கை முழுக்க ஒரே சீராகக் கரி பதிந்தது.

டிரிக்கர்தான் பாடுபடுத்தியது. கல்லை நகர்த்துவதுபோல் இழுக்கவேண்டியிருந்தது. இழுக்கிற இழுப்பில் குறி இடப்பக்கம் ஓடியது. உள்ளேயிருந்த கொக்கியை எண்ணெய்க்கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கினான். பிறகு ஸ்குருவைத் திருகி இழுப்பைக் குறைக்கவேண்டியதுதான். ஆனால் விதிப்படி அரைக்கிலோ எடையைத் தொங்கவிட்டுத் தூக்கினால் டிரிக்கர் விடுபடாமல் தாங்கவேண்டும். அதைவிடக் கனத்தால் கை ஆடும். இளகினால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஆகவே எடைக்கல் கேட்டு அண்ணாச்சியின் பலசரக்குக் கடைக்குப் போனான்.

அண்ணாச்சி தராசிலிருந்த அரைக்கிலோக் கல்லை எடுத்து, துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். "அடியில கவர்மெண்டு முத்திரை இருக்கு பாருலே. என் கடைக் கல்லைக் கோர்ட்டுல கொண்டு வச்சாலும் நிக்கும்."

கல்லைத் தூண்டில் நரம்பில் கட்டி டிரிக்கரில் தொங்கவிட்டான். மீன் அரிந்துகொண்டிருந்த அவன் மனைவி பிலோமினா, அது அண்ணாச்சி கடைக் கல்லா என்று கேட்டாள். அவன் முத்திரையைக் காட்டினான். அவள் மறுபடி மீனைப் பார்த்தாள்.

கல்லை மட்டுக்குத் தாங்கும் அளவுக்கு ஸ்குருவை இளக்கிப் பத்து முறை தூக்கினான். பத்து முறையும் தாங்கியது. இனி ஸ்குரு அசையக்கூடாது. லாஞ்ச் எஞ்சினில் ஒற்றை ஸ்குரு கழன்றதால் ஒருநாள் நடுக்கடலில் ஆறு மணி நேரம் கிடந்தவன் அவன். ரயில் குலுக்கலுக்குப் பயந்து ஸ்குருவின்மேல் அரால்டைட் பசையைக் குழைத்து அப்பி இறுக்கினான்.

சென்னையில் சோதனை அதிகாரி தம் எடையைத் தொங்கவிட்டுப் பிஸ்டலைத் தூக்கினார். 'டக்'கென்று விடுபட்டது. மூன்று தடவையும் அப்படித்தான். நல்ல மனுஷர், சரிசெய்யப் பத்து நிமிடம் கொடுத்தார். ஜேசுபாதம் ஸ்குரு டிரைவரை வைத்துத் திருகினான். அரால்டைட் அசையவில்லை. ஸ்குருவின் தலைதான் உடைந்து கையோடு வந்தது. அதிகாரி பரிவோடு, அடுத்த வருஷம் வாங்க என்றார்.

ஊருக்கு வந்து கல்லைத் தபாலாபீஸ் தராசில் வைத்தான். நானூற்று நாற்பது கிராம். வீட்டுக்குக் கொண்டுபோய் அடியைச் சுரண்டினான். முத்திரை குத்திய ஈயம் காசுத் தடிமன்தான் இருந்தது. அதற்கு உள்ளே குழி நிறையப் படகு ஓட்டையை அடைக்கிற கீல்.

"இது பொம்பளையளுக்கெல்லாம் தெரியுமே," என்றாள் பிலோமினா. "அங்க அரைக்கிலோ வாங்குனா ஒரு கை கொறையத்தான் செய்யும்."

"ஏளா, அன்னைக்கே சொல்லக்கூடாதா?"

"கேட்டேம்லா? நீங்க முத்திரையைக் காட்டுனீங்க. ஜெர்மன் துப்பாக்கிக்கு வேற அளவு போலன்னு நெனச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை கிளப் கூடியது. அண்ணாச்சி முக்கால் மணி நேரம் பேசினார். டிரிக்கர் இழுப்பை இம்மியளவு குறைத்தாலும் மோசடி மோசடிதான் என்று மேஜையைத் தட்டினார். பிஸ்டலைத் திரும்ப வாங்குவதென ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கூலிப் பட்டியல் அடுத்த வாரம் வருகிறது. ஜேசுபாதம் கல்லை மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

சுரண்டிய ஈயமும் கறுத்த கீலும் எல்லோருக்கும் தெரிந்தன. உறுப்பினர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

அண்ணாச்சி கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அரசாங்க முத்திரையைச் சுரண்டுனா என்ன தண்டனைன்னு தெரியுமாலே?"

கல்லை அவன் பக்கம் நீட்டினார்.

"பொழச்சுப் போ. வெளிய சொல்லமாட்டேன். ஃபிட்டர்தானே நீ? வியாழக்கிழமைக்குள்ள பழையபடி ஆக்கிக் கொண்டாந்துரு. யாவாரம் நிக்குது."

தலைவரின் பெருந்தன்மையைப் பாராட்டி இன்னொரு தீர்மானம் எழுதினார்கள். முத்திரை பதித்த ஈயத் துண்டைத் தேடி ஒருவர் மேஜைக்கடியில் குனிந்தார். அது ஜேசுபாதத்தின் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினான்.

புதன்கிழமை அடுக்களையில் கீலை உருக்கி ஊற்றினான். ஈயத் துண்டைப் பொருத்தி, ஓரத்தை அடித்து, கறுப்புப் பூசினான். ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை. கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பும்போது பிலோமினா கதவடியில் நின்றாள்.

"இந்தத் தடவையாவது தபாலாபீஸ் தராசுல வச்சுப் பாத்துக்கிடுங்க."

பார்த்தான். நானூற்று நாற்பது. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.