துணியின் மறுமுனை

குஷன் கடைக்காரம்மாவுக்கு வாரத்தில் ஒரே ஒரு கிழமைதான், வியாழன். மற்றதெல்லாம் அதற்குக் காத்துக் கிடக்கும் நாட்கள்.

பள்ளிக்கூடம் சுற்றுவட்டாரக் கடைகளோடு பேசி ஓர் ஏற்பாடு செய்திருந்தது. வியாழன்தோறும் பிள்ளைகள் பட்டறைகளுக்குப் போய்க் கையால் வேலை பழக வேண்டும். சைக்கிள் கடைக்குச் சிலர், அச்சகத்துக்குச் சிலர். குஷன் கடைக்கு நான்கு பெண்கள். டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் கடைக்காரம்மா தலையாட்டிவிட்டாள். சமூக சேவையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வீட்டுக்காரர் போனதிலிருந்து அந்தப் பட்டறையில் தையல் மெஷினைத் தவிர எதுவும் வாய் திறக்கவில்லை.

நாற்காலிக்குத் துணி போர்த்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இழுத்துப் பிடிக்க, மற்றவர் ஸ்டேப்ளர் கன்னால் பின் அடிப்பார். மறுமுனையைப் பிடித்தவர் வீட்டுக்காரர்தான். அவருக்குப் பிறகு முழங்காலால் அழுத்திப் பிடித்துச் சமாளித்தாள்.

பெண்கள் வந்ததும் பட்டறை கலகலத்தது. வாயாடி என்று அவள் பெயர் வைத்த பெண் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள். யாருக்கு யாரோடு சண்டை, எந்த டீச்சர் தலைக்குச் சாயம் பூசுகிறார், எல்லாம் வரும். “இன்னும் கொஞ்சம் இழு” என்றால் பேசிக்கொண்டே இழுப்பாள். ஆனால் கத்தரிக்கோ, பின் அடிக்கும் கன்னுக்கோ யாராவது கை நீட்டினால் போதும்.

“குடு கண்ணு, நான் பாத்துக்கறேன்.”

விரலில் பின் ஏறிவிட்டால்? துணி வீணாகி முகம் வாடிவிட்டால்? அடுத்த வியாழன் வராமல் போய்விட்டால்? அந்தக் கடைசிப் பயம்தான் அவளை ஆட்டிப்படைத்தது.

வருட நடுவில் டீச்சர் வேலையைப் பார்க்க வந்தார். “ஆளுக்கொரு ஸ்டூல். தனியா செய்யணும்” என்றார்.

வாயாடிதான் முதலில். துணியை விரித்தாள், இழுத்தாள். மூலையில் எப்படி மடிப்பது என்று தெரியவில்லை. கன்னைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைக்காரம்மாவுக்குக் கை துறுதுறுத்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

“குடு கண்ணு, நான் பாத்துக்கறேன்.”

டீச்சர் நிமிர்ந்தார். “எப்பவும் இப்படித்தானா?”

“எங்களை இழுக்க மட்டும்தான் விடுவாங்க, டீச்சர்” என்றாள் வாயாடி. கோள் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பிள்ளைங்களுக்கு உங்க மேல உசுரு. ஆனா வேலை கத்துக்கலயே. அடுத்த வாரத்துலேருந்து சைக்கிள் கடைக்கு அனுப்பிடறேன்.”

“இனிமே விடறேன், டீச்சர். நான் தொடவே மாட்டேன்.”

டீச்சர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். முடியாது என்றுதான் அதற்கு அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

வாயாடி கடைசியாகக் கிளம்பினாள். “ஒரு தடவையாவது அடிக்க விட்டிருக்கலாம்லக்கா” என்றாள், கண் கலங்கி. பிறகு, “போயிட்டு வரேன்.”

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார்.

அடுத்த வியாழன் கடைக்காரம்மா, வாயாடி பாதியில் விட்ட ஸ்டூலை எடுத்துவைத்தாள். துணியை விரித்து, ஒரு முனையை முழங்காலால் அழுத்தி, மறுமுனையில் கன்னை வைத்தாள். துணி தொய்ந்தது.

“இன்னும் கொஞ்சம் இழு” என்றாள், வாய் தவறி.

பிறகு முழங்காலை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள்.