இடுப்பளவுக்கு மேல் ஒரு சுவர்

தோட்ட வேலை காண்ட்ராக்டர் லைசென்ஸுக்கான தேர்வில் அவன் இரண்டு முறை தோற்றான். அடுத்த முறை அவன் மனைவி எழுதினாள். ஒரே தடவையில் தேறிவிட்டாள். லைசென்ஸ் அவள் பெயரில் வந்தது. லாரியில் அவன் தன் பெயரை எழுதிக்கொண்டான்.

“இவதான் எங்க கம்பெனி ரப்பர் ஸ்டாம்ப்பு” என்று வாடிக்கையாளர்களிடம் அறிமுகப்படுத்துவான். அவர்கள் சிரிப்பார்கள். வேறு வழியில்லாமல் அவளும் சிரிப்பாள். ஒருமுறை, தானும் வேலை நடக்கும் இடத்துக்கு வருவதாகச் சொன்னாள். “மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமாடி உனக்கு?” என்று மேஸ்திரியின் முன்னாலேயே கேட்டான். வயதான அந்த மேஸ்திரி, காதில் விழாதவர்போல் செருப்புச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பல் டாக்டர் ஒருவரின் வீடு மேட்டில் இருந்தது. பின்பக்கச் சரிவைத் தோட்டமாக்க வேண்டும். அடியில் ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழுப்பி மண்ணைத் தாங்க வேண்டும். ஒப்பந்தத்தைச் சாப்பாட்டு மேசையில் போட்டு அவன் பேனாவை நீட்டினான். அவள் கடைசிப் பக்கம்வரை படித்தாள்.

“இதுல நான் போட மாட்டேங்க.”

“என்னது?”

“நம்ம லைசென்ஸுக்கு இடுப்பளவு சுவர் வரைக்கும்தான். அதுக்கு மேலன்னா இன்ஜினியர் படம் வேணும், தனியா அனுமதி வாங்கணும். பின்னாடி ஜல்லி கொட்டி, தண்ணி வடிய வழி விடணும். இதுல ஒண்ணுமே இல்லையே?”

“பரீட்சைல பாஸானதும் மேடம் இன்ஜினியர் ஆயிட்டீங்களோ?” குழந்தையைத் தட்டுவதுபோல் அவள் உச்சந்தலையில் தட்டினான். வலிக்கும்படி தட்டினான்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றே அவள் நினைத்தாள். சில வாரம் கழித்து டாக்டரின் மனைவி போன் செய்தாள்.

“நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் வந்துச்சும்மா. படம், அனுமதின்னு இழுக்காம வேலையை ஆரம்பிச்சிட்டீங்க, சந்தோஷம். சுவர் பாதி ஏறிடுச்சு.”

தன் கையெழுத்தை அவனே போட்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. “நல்லதுங்க” என்று சொல்லி போனை வைத்தாள்.

லைசென்ஸ் அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை நின்றுவிடும். ஆனால் பாதிச் சுவருக்கு எச்சரிக்கை செய்து விட்டுவிடுவார்கள். ‘தெரியாம நடந்துபோச்சு சார்’ என்று அவன் குழைந்து தப்பித்துக்கொள்வான். கட்டி முடிக்கட்டும். பிறகு எங்கே ஓடுவான், பார்க்கலாம். அன்றிலிருந்து அவன் வாய் திறந்து கேட்பதையெல்லாம் சமைத்துப் போட்டாள்.

“இப்பதான் வழிக்கு வந்திருக்கே” என்று அவன் திருப்தியோடு கை கழுவினான்.

சுவர் முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வடிய வழியில்லாமல் மண் ஊறி, சுவரைப் பின்னாலிருந்து தள்ளியது. மேல் வரிசைக்குப் பூசிக்கொண்டிருந்த மேஸ்திரி சுவரோடு சேர்ந்து விழுந்தார். அவர் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணையில் அதிகாரி ஒப்பந்தத்தை அவள் முன் வைத்தார்.

“இது உங்க கையெழுத்தாம்மா?”

“இல்லீங்க.”

“என்ன சொல்றே நீ?” என்று அவன் பதறினான். பிறகு குரலைத் தாழ்த்தி, “காப்பாத்தும்மா. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்” என்றான்.

அவன் பக்கம் திரும்பாமல் ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்திட்டு அதிகாரியிடம் நகர்த்தினாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இந்த வேலை நடக்குறது எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?”

“சுவர் விழுந்தப்புறம்தாங்க.”

விசாரணைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த டாக்டரின் மனைவி சட்டென்று தலைநிமிர்ந்தாள். படமும் அனுமதியும் வேண்டாம் என்று தலையாட்டியவள் அவள். வாயைத் திறந்தால் தன் கதையும் வெளியே வரும். கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள், பேசாமல் இருந்துவிட்டாள்.

கள்ளக் கையெழுத்துக்காக அவன்மேல் வழக்குப் போட்டார்கள். இனி அவன் இந்தத் தொழிலில் கால் வைக்க முடியாது. லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் மேஸ்திரியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்கன்னு முதலாளி சொன்னாரு, தங்கச்சி. நீங்க படிச்சுப் பார்த்திருப்பீங்கன்னு நம்பித்தான் மேல ஏறினேன். உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா, அன்னிக்கே நிறுத்தியிருப்பீங்க.”

“ஆமாண்ணே” என்றாள்.

அவர் கையை விடும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு கீழே இறங்கி லாரியில் ஏறிக்கொண்டாள். ஒரு வீட்டில் புல்வெளிக்கு அளவெடுக்க வேண்டியிருந்தது.