பின் சீட்டுக்கு அடியில்

காரின் பின் சீட்டைத் தூக்கியதும் பெட்ரோல் நெடி முகத்தில் அறைந்தது. மூன்று வாரமாக இந்த வீட்டில் என் மூக்குதான் கேலிப்பொருள். "உங்கம்மாவுக்கு அடுத்த தெருவுல பால் பொங்கினாகூடத் தெரியும்" என்று என் கணவர் மகளிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் பள்ளி வாசலில் இறங்கும்போதெல்லாம் தலைவலி என்றாள். பரீட்சை பயம் என்றார். ஒருநாள் கார் கதவைத் திறந்ததுமே வாந்தி எடுத்தாள். காலையில் பாலை மடக்மடக்கென்று குடித்ததுதான் காரணமாம்.

எங்கள் கல்யாணத்தைவிட ஐந்து வயது மூத்த கார் அது. பெட்ரோலை இழுத்துத் தர எஞ்சினோடு இருந்த பழைய பம்ப் ஓய்ந்துபோனதும், எலெக்ட்ரிக் பம்ப் போட்டு பெட்ரோல் குழாயையும் மாற்ற இரண்டு நாள் ஆகும் என்றார் மெக்கானிக். என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இதற்கெல்லாம் ஓர் ஆளா என்று ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தானே மாட்டினார். சாயங்காலம் அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கூப்பிட்டு நிறுத்தி சாவியைத் திருப்பினார். பம்ப் டிக்டிக் என்றது, எல்லாரும் கை கொடுத்தார்கள். நானும் சந்தோஷமாக டீ போட்டுக் கொடுத்தேன். அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

காருக்கு அடியில் இரும்பில் போக வேண்டிய பெட்ரோல் குழாய், ரப்பர் ஓஸாக உள்ளே ஏறி, என் மகள் கால் வைக்கும் மிதியடிக்குக் கீழே போகிறது. தரைத் தகரத்தில் ஓட்டை போட்டு அப்படியே நுழைத்திருக்கிறார். பிளேடு மாதிரியான விளிம்பு ஓஸை அறுத்து, சுற்றிலும் ஈரம். அந்த ஓட்டையில் மாட்டவேண்டிய ரப்பர் வளையம், பிரிக்காத பாக்கெட்டில், டேஷ்போர்டு அறையில் கிடந்தது.

"பிள்ளைக்கு நேரமாச்சு. அங்க என்னத்தக் கிண்டிட்டு இருக்க?"

"நீங்களே கை வச்சுப் பாருங்க."

எட்டிப் பார்த்தார். "ரெண்டு சொட்டு. புதுசுல அப்படித்தான் இருக்கும். எனக்கு ஒரு வாடையும் வரல." சொல்லிக்கொண்டே சிகரெட்டை உதட்டில் வைத்தார். கேட்டைத் தாண்டி, தெருமுனை மின்கம்பம் வரைக்கும் நடந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் சிகரெட்டுமாக ஓட்டுகிற மனிதர். பிள்ளை இருமினால் கண்ணாடியை இறக்குவாரே தவிர அணைக்க மாட்டார். பம்ப் போட்ட நாளிலிருந்து காருக்குள் ஒன்றுகூடப் பற்ற வைக்கவில்லை. பிள்ளைக்காக விட்டுவிட்டார் என்று என் அம்மாவிடம் போனில் பெருமையடித்திருக்கிறேன். அடப்பாவி! தெரிந்தேதான் அவளை அதில் ஏற்றினாயா?

பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டேன். இனி கார் கிளம்பாது.

"எதுக்கு அவ்வளவு தூரம் போறீங்க?" தெருவே கேட்கட்டும் என்று கத்தினேன். "வாங்க. அவ சீட்டுல உக்காந்து பத்த வைங்க!"

பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்த மகள் அங்கேயே நின்றுவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள். கம்பத்தடியில் லைட்டரைப் பிடித்த கை பாதியில் நின்றிருந்தது. பற்ற வைக்காத சிகரெட் அவர் உதட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.