கூரைக்கு மூன்று மதிப்பெண்

பிரதி எடுக்கும் இயந்திரத்தின் அமோனியா நெடி மூக்கைப் பிய்த்தது. வெயிலுமுத்து அதைப் பொருட்படுத்தாமல், இயந்திரத்திலிருந்து சுருண்டு வந்த வரைபடப் பிரதியை மேசையில் விரித்து நான்கு மூலையிலும் கனம் வைத்தார். சுரங்கங்களுக்கு ஆலோசனை சொல்லும் அந்தச் செம்பூர் அலுவலகத்தில் பிரதி எடுப்பது அவர் வேலை. எண்பதில் பம்பாய்க்கு வந்தவர், ஆறு வருஷமாகக் கட்டுக் கட்டாக எடுத்துத் தள்ளியிருக்கிறார். ஆனாலும் இந்தப் படத்தைப் பார்க்கும்போது மட்டும் வாய் தானாகப் பிளந்துகொள்ளும்.

அது அவர் முன்பு இறங்கி வேலை செய்த செம்புச் சுரங்கம். உள்ளே இருந்தவரை அவர் கண்டதெல்லாம் தலைவிளக்கு வெளிச்சம் விழுந்த நாலு முழப் பாறைதான். இங்கேயோ, அம்மாடி, மலையின் வயிறு முழுவதும் ஒரே தாளில் கிடந்தது. கனிமம் எந்தப் பக்கம் சரிகிறது, எங்கே பருக்கிறது, எங்கே நூலாய் மெலிகிறது, எல்லாம். தம்பி பூதத்தான் இன்னும் அங்கேதான் இறங்குகிறான். ஆழத்தில் கண்டுபிடித்த புதுப் பகுதியை எந்த முறையில் வெட்டலாம் என்று கம்பெனி இந்த அலுவலகத்தைக் கேட்டிருந்தது.

படத்துக்குக் கீழே பெரிய அட்டவணை. மாட்டுங்காவிலிருந்து வரும் எஞ்சினியர் ராமசேஷன் ஒரு மாதமாக அதோடு மல்லுக்கட்டினார். வெட்டும் முறைகள் நான்கு. பாறை உறுதி, செலவு, வேகம், ஆள் பாதுகாப்பு என்று ஒவ்வொன்றிலும் பத்துக்கு இத்தனை மதிப்பெண். எது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நூற்றில் இத்தனை என்று தனியாக ஒரு வெயிட். பெருக்கிக் கூட்டினால் ஜெயித்த முறை எது என்று தெரிந்துவிடும்.

போன வாரம் அவர் வெயிலுமுத்துவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"நீ இறங்கினவனாச்சேப்பா. அங்கே தலைக்கு மேல இருக்கற கூரைப் பாறையைத் தட்டினா எப்படிக் கேக்கும்?"

"கணீர்னு கேக்காது சார். டொப்பு டொப்புங்கும். அப்படிக் கேட்டா நாங்க நிக்க மாட்டோம்லா, பின்னால வந்துருவோம்."

ராமசேஷன் யோசித்துவிட்டுப் பாதுகாப்புக் கட்டத்தில் 3 என்று எழுதினார். "வெட்டின குழியை அப்படியே விட்டுட்டுப் போற முறைக்கு மூணு. வெட்ட வெட்ட மணலைக் கொட்டி ரொப்பிண்டே போற முறைக்கு ஒம்பது."

பாதுகாப்புக்கு வெயிட் முப்பது. மணல் முறை நாலு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. பாறையின் சத்தம் ஓர் எண்ணாக மாறி, அந்த எண் ஒரு சுரங்கத்தையே திருப்பிவிட்ட அதிசயத்தை வெயிலுமுத்து தாராவி வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

"நெசமாவா? நீங்க சொன்னதையா எழுதுனாவ?" என்றாள் மனைவி செண்பகவல்லி.

"ஆமாட்டி. பூதத்தானுக்கு இனிமே பயமில்ல. காலுக்குக் கீழ மணலு, தட்டிப் பாக்க கைக்கு எட்டுற கூரை."

இன்று மத்தியானம் ராமசேஷனுக்குச் சுரங்கக் கம்பெனியிலிருந்து தொலைபேசி வந்தது. அரை மணி நேரம் "ஹாஞ்ஜி, ஹாஞ்ஜி" என்று ஹிந்தியில் ஆமாம் போட்டே பேசினார். பிறகு மையில் வரைந்த மூலத்தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மணல் அடிச்சுக் கட்டுப்படியாகாதுங்கறா. வெயிட்டை மாத்தணும். பாதுகாப்புக்குப் பன்னெண்டு போறும்னுட்டா. மீதி செலவுக்குப் போறது."

"அப்ப எந்த மொற சார் வரும்?"

"குழியை அப்படியே விடறதுதான். பதினாலு புள்ளி வித்தியாசத்துல."

"என் மூணு?"

"உன் மூணை யாரும் தொடலப்பா. அது அப்படியே இருக்கு."

"தம்பி அங்கதான சார் கெடக்கான்."

ராமசேஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும். நாலு மணிக்குக் கம்பெனிக்காரா வந்துடுவா. தாள் கிழியாமப் பழைய எண்ணைச் சுரண்டறதுக்கு ஒன்னை விட்டா ஆளில்லை."

வெயிலுமுத்து அரை பிளேடை எடுத்தார். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவர், தாளை இழுத்து நேராக்கிக்கொண்டார். இறங்கவே தேவையில்லாமல், நாலு மாடிக்கு மேலே மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்துகொண்டு ஒரு மலையைப் புரட்ட இவ்வளவு மை போதுமா என்று அவருக்கு மலைப்பாக இருந்தது. பயமாகவும் இருந்தது. வெயிட் முப்பதில் இருந்த மூன்றைச் சுரண்டினார். பூஜ்யத்தைச் சுரண்டினார். துகளை ஊதிவிட்டார். வேறு சில கட்டங்களையும் சுரண்டினார். ராமசேஷன் பேனாவால் புது எண்களை எழுதினார்.

இயந்திரத்தில் விட்டு எடுத்த முதல் பிரதியில் முப்பது இருந்த இடம் சாம்பல் நிறத்தில் கலங்கித் தெரிந்தது.

"அழிச்சது தெரியறதே," என்றார் ராமசேஷன், தாளைப் பார்க்காமல்.

"சுரண்டுன எடம் சொரசொரன்னு இருக்கு சார். அதான்."

வெயிலுமுத்து மூலத்தாளைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்துக் கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தை வழவழப்பாகும் வரை தேய்த்தார். நகம் சூடேறியது. மறுபடி இயந்திரத்தில் விட்டார்.

இரண்டாவது பிரதி சுத்தமாக வந்தது. வெள்ளைக் கட்டத்துக்குள் பன்னிரண்டு, முதலிலிருந்தே அங்கே இருந்ததுபோல் நின்றது.