பைனாகுலருக்கு ஒரு சவுக்குக் கால்

பிடரியிலிருந்து தோள்பட்டை வரை இறுகிப் போய்க் கிடந்தது பெரியதம்பிக்கு. தலையைத் திருப்ப வேண்டுமென்றால் ஆளே திரும்ப வேண்டியிருந்தது. கிணறு வெட்டிய காலத்தில்கூட இப்படி வலித்ததில்லை. கடப்பாரையைத் தூக்கினால் உடனே இறக்கியாக வேண்டும், அதுதான் வேலை. இந்தப் பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்கினால் வெயில் ஏறும்வரை இறக்க வழியில்லை.

"பன்னி சுடப் போறேன்னு போயி, அடிபட்ட பன்னி மாதிரி நீ வந்து படுத்துக்கினு கீற" என்றாள் அம்சா, முதுகில் வேப்பெண்ணெயை வைத்து அழுத்திக்கொண்டே. "கண்ணுலயாவது பட்டுச்சா?"

"பட்டுச்சு. ஒண்ணு மூணா தெரியுது. கை நடுங்குதுடி. எந்தப் பொதருல போயி படுக்குதுன்னு பிடிபடல."

கிளியனூருக்குக் கிழக்கே அவனுக்கு ஒன்றரை ஏக்கர். முழுக்க மல்லாட்டை என்கிற நிலக்கடலை. காய் முற்றுகிற நேரம் பார்த்து ஒற்றைப் பன்றி ஒன்று வந்து, ஒரு நாளைக்கு ஒரு பாத்தி என்று முகரையால் உழுதுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இந்த வெள்ளாமை போய்விட்டால் வருஷம் பூராவும் புருஷனும் பெண்டாட்டியும் வளவனூர்ப் பக்கம் அடுத்தவன் கரும்பு வெட்டக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் உள்ள நாட்டுத் துப்பாக்கி அவனிடம் இருந்தது. ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி மருந்து இடித்துக் கெட்டிப்பதற்குள் பன்றி வானூர் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் அது படுக்கிற இடம் முதலில் தெரிய வேண்டும். அதற்குத்தான் பைனாகுலர். கொத்தனார் செபஸ்தியானுடையது அது. அவன் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது, ஒரு செங்கல் கனம். இரவல் கொடுக்கும்போதே பேச்சை முடித்துக்கொண்டான் செபஸ்தியான்.

"பன்னி விழுந்தா பின்னந்தொடை ஒண்ணு எனக்கு. முன்னந்தொடையக் குடுத்து ஏமாத்தற வேலையெல்லாம் வச்சிக்காத."

கை நடுக்கத்துக்கும் அவனே மருந்து சொன்னான். "போட்டோ பிடிக்கிறவன் மூணு கால் ஸ்டாண்டு வச்சிருப்பான்ல, அது மேல வச்சிக் கட்டிடு. பாறை மாதிரி நிக்கும்."

இரண்டு பேரும் திண்டிவனம் போனார்கள். ஸ்டூடியோக்காரர் சீனுவாசன் முதலில் காட்டியது தேக்கு மரத்தில் செய்த ஸ்டாண்டு. பெரியதம்பி அதைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்து பார்த்தான். ஏற்கெனவே தோளில் துப்பாக்கி, கழுத்தில் பைனாகுலர், இடுப்பில் மருந்துப் பை. எல்லாவற்றோடும் ஏரிக்கரையைக் கடக்க வேண்டும்.

"வச்சா அசையாதுங்க" என்றார் சீனுவாசன்.

"தூக்குனா நானும் அசைய மாட்டேன் சார்."

அடுத்தது ஜப்பான் அலுமினியம். முருங்கைக் குச்சி போல எடையே இல்லை. விலை கேட்டதும் பெரியதம்பி அதைக் குழந்தையைக் கிடத்துவதுபோல மேசைமேல் வைத்துவிட்டான். தாயாட்டையும் குட்டியையும் சேர்த்து விற்றாலும் எட்டாது.

விழுப்புரத்தில் ஜங்ஷனுக்குப் பின்னால் பழைய இரும்புக் கடை ஒன்று செபஸ்தியானுக்குத் தெரியும். அங்கே கிடந்தது நிலம் அளக்கிறவர்களின் ஸ்டாண்டு. மூன்று காலுக்கும் இரும்பு முனை, தலையில் பித்தளைத் திருகு. மலிவுதான். ஆனால் தூக்குவதற்குள் செபஸ்தியானுக்கே மூச்சு வாங்கியது.

"இதத் தூக்கறதுக்கு ஒரு ஆள் போடணும்" என்றான் பெரியதம்பி. "அந்த ஆளுக்கு யாரு சோறு போடுறது?"

வெறுங்கையோடு திரும்பும் வழியில், திண்டிவனத்தில் பஸ் மாறும்போது சீனுவாசனே கூப்பிட்டார். கடையின் பின்கட்டில் இன்னொரு அலுமினிய ஸ்டாண்டு கிடந்தது. கல்யாண மேடையிலிருந்து விழுந்து ஒரு கால் போயிருந்தது. எடைக்குப் போடுகிற விலைக்குத் தருவதாகச் சொன்னார்.

"கால் உசரமும் கம்மிங்க. நின்னு பார்க்க முடியாது."

"பன்னி பார்க்கிறவன் நிக்க மாட்டான் சார், குந்துவான்" என்றான் பெரியதம்பி. கடைத் தரையில் குந்திப் பார்த்தான். நெஞ்சு உயரத்துக்குச் சரியாக வந்தது. அதையே எடுத்துக்கொண்டான்.

மூன்றாவது காலை செபஸ்தியான் போட்டான். மாதா கோயில் திருவிழாப் பந்தலில் மிஞ்சிய சவுக்குக் குச்சி, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகப் பெயின்ட் அடித்தது. அதை அளவுக்கு நறுக்கிக் கம்பியால் முறுக்கினான். பைனாகுலரை உச்சியில் வைத்துச் சைக்கிள் ட்யூப்பால் இறுக்கிக் கட்டினார்கள்.

"இவ்ளோ பளிச்சுன்னு கீதே, பன்னி பார்க்காது?"

"பன்னிக்குக் கண்ணு மட்டம்யா. மூக்குதான் அதுக்கு எல்லாம். காத்துக்கு எதிரா குந்திக்க."

மறுநாள் விடியலில் ஏரிக்கரைமேல் வைத்துப் பார்த்தபோது பெரியதம்பிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. உலகம் நின்றுவிட்டிருந்தது. கொக்கின் கால் சேறுகூடத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் மல்லாட்டையிலிருந்து பன்றி வெளியே வந்து, அவசரமே இல்லாமல் நடந்து, பங்காளி பாண்டுரங்கனின் வரப்பில் அடர்ந்து கிடந்த சீமைக்கருவேலம் புதருக்குள் புகுந்தது. அடுத்த நாளும் அதே புதர். படுக்கை தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஸ்டாண்டைக் கரைமேல் விட்டுவிட்டு, துப்பாக்கியைக் கெட்டித்துக்கொண்டு புதருக்கு எதிரே வாய்க்காலில் போய்ப் பதுங்கினான். பன்றி வந்தது, புதருக்குள் போனது. அது முழுசாகப் படுத்ததும் ஒரு கல்லை விட்டெறிந்து கிளப்ப வேண்டும், வெளியே வந்ததும் சுட வேண்டும், அவ்வளவுதான். கல்லைக்கூடக் கையில் எடுத்துவிட்டான்.

அப்போது பாண்டுரங்கன் வந்தான். கூடவே கூலியாள் இருவர், கையில் கொடுவாள், மண்வெட்டி. நேராகப் புதருக்குப் போய், குனிந்து வெட்ட ஆரம்பித்தான்.

பெரியதம்பி எழுந்து நின்று கத்தினான். "யோவ் பங்காளி, வெளிய வா. உள்ள பன்னி கீதுய்யா."

அவன் சொல்லி முடிப்பதற்குள் பன்றி வெளியே வந்தது, பாண்டுரங்கனின் இரண்டு காலுக்கும் நடுவே. வேட்டி பன்றியோடு போனது. பாண்டுரங்கன் வாய்க்கால் சேற்றில் உட்கார்ந்தான். குறுக்கே ஆட்கள் நின்றதால் பெரியதம்பி துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டான். பன்றி வேட்டியைச் சவுக்குத் தோப்பு ஓரம் உதறிவிட்டு, புதுச்சேரி ரோட்டைத் தாண்டி மறைந்தது.

பாண்டுரங்கன் சேற்றிலிருந்தபடியே கேட்டான். "சர்வேயரு எங்க?"

"எந்த சர்வேயரு?"

"என்கிட்டயே மறைக்கிறியா? ரெண்டு நாளா கரைமேல மூணு கால் ஸ்டாண்டு நிக்குது. செவப்பும் வெள்ளையுமா கோலு வேற. நேரா என் வரப்பையே பார்த்துக்கினு கீது."

அந்த வருஷம் ஊர் ஊராக நிலத்தை அளந்து பட்டா திருத்திக்கொண்டிருந்தார்கள். பெரியதம்பி புதரைப் பார்த்தான். வெட்டின இடத்தில், முள்ளுக்கு அடியில், மண் மூடி, பிடுங்கிப் போட்ட எல்லைக்கல் ஒன்று கிடந்தது. வருஷத்துக்கு ஒரு உழவுச்சால் என்று வரப்பு தன் பக்கமே நகர்ந்து வந்ததும், கல் எங்கே என்று கேட்டபோதெல்லாம் பாண்டுரங்கன் வானத்தைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. கோபம்தான் முதலில் வந்தது. சேற்றில் கோவணத்தோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"டீ குடிக்கப் போயிகீறாரு" என்றான் பெரியதம்பி. "வர்றதுக்குள்ள ஜல்தியா கல்ல நட்டுடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பொழுது உச்சிக்கு வருவதற்குள் கல் பழைய இடத்தில் நின்றது, வரப்பு நான்கு சால் பின்வாங்கியது, புதர் வேரோடு போனது. ஒண்ட இடமில்லாத பன்றி அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. மல்லாட்டையைப் பிடுங்கிக் காயவைத்தார்கள். அந்த வருஷம் கரும்பு வெட்ட அம்சா போகவில்லை.

செபஸ்தியான் தூக்குச் சட்டியோடு வந்தான்.

"தொடை எங்கய்யா?"

"அது ரோட்டத் தாண்டி ஓடிப்போச்சு."

அம்சா ஒரு மரக்கால் மல்லாட்டையை அளந்து சட்டியில் கொட்டினாள். செபஸ்தியான் ஒன்றை உடைத்து வாயில் போட்டு மென்றான்.

"நல்லாத்தான் கீது அம்சா. இது குச்சிக்கும் கம்பிக்கும் சரியாப் போச்சு. பைனாகுலரு கணக்கு வேற."

பெரியதம்பி தலையாட்டினான். பேச்சு பேச்சுதான். செபஸ்தியானுக்குப் பன்றியின் பின்னந்தொடை ஒன்று இன்னும் பாக்கி.